இடப்பக்கம் இரண்டு விரல்

எங்கள் வீட்டில் உதிரிகளைச் சேர்த்துத் துப்பாக்கி பூட்டினோம் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். என் பேரன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அவன் அதைக் கீழே வைத்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். அதனால் இதை என் வயதுக்காரர்களான உங்களிடம்தான் சொல்ல முடியும். திருவிழாவில் பலூன் சுட்டவர்கள் நீங்கள். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களில் ஒன்றுகூட உடையாமல், பின்னால் நின்றவர்கள் சிரிக்க, காது சிவந்து திரும்பி வந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். அந்தத் துப்பாக்கிகளில் சில ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பூட்டியவை. ஒரே ஒரு மழைக்காலத்தில் பூட்டிய ஆறு துப்பாக்கிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மாவுக்கும் அங்கேயேதான் வேலை. பதனிட்ட தோலை ஓரம் வெட்டித் தரம் பிரிப்பது. இருவரும் ஒரே கேட்டுக்குள் நுழைந்தாலும் ஒருவர் இரும்புப் பக்கம், மற்றவர் தோல் பக்கம். வீட்டிலும் அப்படித்தான். இரும்பைப் பற்றி அம்மா வாய் திறந்தால் நைனா சிரிப்பார். தோலைப் பற்றி அம்மா வாய் திறந்தாலும் சிரிப்பார். அதுதான் பின்னால் வினையானது.

பலூன் சுடுகிற துப்பாக்கியில் மருந்து கிடையாது, காற்றுதான். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் முன்னால் எண்ணெயில் ஊறிய தோல் வாஷர். பலூன் கடைக்காரர் எங்கெங்கோ ஏலத்தில் எடுத்த பழைய உதிரிகளைக் கோணியில் கட்டிக் கொண்டுவந்து போடுவார். நைனா அவற்றை ராவி, துடைத்து, ஒன்றோடொன்று சேர்த்து உயிர் கொடுப்பார். அதற்கான சாமான் எதுவும் கடையில் வாங்கியதில்லை. சைக்கிள் கம்பியைத் தட்டிச் செய்த திருப்புளி. ஸ்பிரிங்கை அடக்கிப் பிடிக்கப் பழைய கட்டில் காலில் செய்த ஒரு திருகு. தோல் வாஷரைக் கிண்ணம் போல அழுத்தி எடுக்க அம்மாவின் முறுக்கு அச்சு. அச்சைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் முறுக்கு கிடையாது. கேட்ட அக்கம்பக்கத்தாரிடம் அம்மா, எங்க வீட்ல முறுக்கு துப்பாக்கிக்குள்ள போயிடுச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சாமான்களில் எல்லாம் ராஜா ‘நேர்க்கட்டை’. பெயர் வைத்தவரும் நைனாதான். தொழிற்சாலையில் தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய மரப்பீப்பாய் ஒன்று உடைந்தபோது அதன் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வருஷக்கணக்காகத் தோல் பதனிடுகிற மரப்பட்டைத் தண்ணீரில் ஊறி இரும்பாக இறுகிய பலகை. அதன் மேல் கவட்டை போல இரண்டு இரும்புக் கவைகள். ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்த்த சித்தப்பா கொடுத்தவை. துப்பாக்கிக் குழலை அந்தக் கவைகளில் படுக்க வைத்து, பலகையின் இரு முனைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூலுக்கு நேராக, குறி பார்க்கிற முள்ளைக் குழல் மேல் பதிப்பார். குழல் கீறாமல் இருக்கக் கவைகளுக்கு உள்பக்கம் தோல் துண்டு ஒட்டியிருக்கும். எங்கள் ஊரில் எதற்கும் அடியில் வைக்கத் தோல் துண்டுதானே கிடைக்கும். ஆடுகிற மேசைக்கும் தோல், கதவிடுக்குக்கும் தோல், கோயில் பெஞ்சு காலுக்கும் தோல்.

பலூன் கடைக்காரர் ஒவ்வொரு வருஷமும் ஒரே பாட்டைப் பாடுவார். கொஞ்சம் கோணலா வெச்சுக் குடு, எல்லாரும் அடிச்சிட்டா நான் எங்க போறது என்பார். கோணல் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார் என்பார் நைனா. எவன் கையிலிருந்து சுட்டாலும் குறி பார்த்த இடத்துக்குத்தான் குண்டு போகும், அதுதான் என் கை வேலை என்பார். சொல்லும்போது நேர்க்கட்டையை ஒரு தட்டு தட்டுவார், நல்ல மாட்டைத் தட்டுகிற மாதிரி.

ஆனால் நைனாவால் சுட்டுப் பார்க்க முடியாது. அவருடைய வலது கண்ணில் என்றைக்கோ இரும்புத் தூள் பாய்ந்து பார்வை போயிருந்தது. சுட்டுப் பார்ப்பது அக்கா வேலை. அவளுக்குப் பதினைந்து வயது, பத்தாவது படித்தாள். எனக்கு ஒன்பது. கொல்லைச் சுவரில் ஆணி அடித்து ஒரு பால் டப்பா மூடியைத் தொங்கவிட்டிருப்போம். அக்கா ஒரு காலை முன்னே வைத்து, மூச்சை நிறுத்திச் சுடுவாள். டங்கென்று சத்தம் வந்தால் நைனா அந்தத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைப்பார். மூன்று வருஷமாக டங் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

அந்த வருஷம் அக்காவுக்கு ஒரு பெரிய ஆசை வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் காக்கி உடுப்புப் போட்டு டிரில் செய்கிற பெண்கள் படையில் அவள் இருந்தாள். அதிலிருந்து நான்கு பேரைச் சென்னையில் துப்பாக்கி சுடும் முகாமுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். போய் வந்தால் சான்றிதழ். அப்போதுதான் பெண்களையும் போலீசில் எடுக்கிறார்களாம் என்று பேச்சு வந்திருந்த நேரம். அந்தச் சான்றிதழ் இருந்தால் சீக்கிரம் எடுப்பார்கள் என்று டிரில் டீச்சர் அவளிடம் சொல்லிவிட்டார். அக்கா அதன் பிறகு தெருவில் நடப்பதே மாறிவிட்டது. வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய தாளை இங்கிலீஷ் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம்.

கையெழுத்து ஒரு பொருட்டே இல்லை என்றுதான் நைனாவும் சொன்னார். இந்த ஆறு துப்பாக்கியையும் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து போடுகிறேன் என்றார்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் கொட்டியது. வருஷமெல்லாம் மணலாகக் கிடக்கிற பாலாற்றில் தண்ணீர் ஓடியதைப் பார்க்க ஊரே போனது. தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய எங்கள் வீட்டில் ஊறல் பட்டையின் புளித்த வாடை எப்போதும் உண்டு. மழையில் அது சோற்றில்கூட ஏறியது. நேர்க்கட்டையைச் சாத்தி வைக்கிற சுவரில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. கவைகளில் இருந்த பழைய தோல் துண்டுகளில் ஒன்று தேய்ந்துவிட்டதால் நைனா புதிதாக ஒன்றை வெட்டி ஒட்டினார். அம்மா ஓரமாக எறிந்து வைத்திருந்த துண்டு அது.

“அது வேணாங்க. பட்டை சரியா ஊறாத தோலு, ஈரம் பட்டா உப்பும்” என்றாள் அம்மா.

“தோலு உப்பி இரும்பத் தள்ளிடுமா? போய் வேலையப் பாரு” என்றார் நைனா.

முதல் துப்பாக்கி முடிந்தது. அக்கா சுட்டாள். டங் இல்லை. சுவரில் மண் உதிர்ந்தது. மூடிக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளி ஒரு பள்ளம். மறுபடி சுட்டாள், அதே பள்ளத்தில் போய் விழுந்தது. கை நடுங்கியிருக்கும் என்றார் நைனா. இரண்டாவது துப்பாக்கியும் இடப்பக்கம் இரண்டு விரல். மூன்றாவதும் அப்படியே. சுவரில் அந்தப் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. நான் விரலை விட்டுக் குண்டுகளைத் தோண்டி எடுத்தேன். ஒரே இடத்தில் இத்தனை குண்டைப் போடுகிறவளின் கண் எப்பேர்ப்பட்ட கண் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை. நாற்பதைத் தாண்டிய நைனாவுக்கும் தோன்றவில்லை.

நைனா முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பீடி முழுக்க யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஒரு துப்பாக்கி கோணலாக இருக்கலாம், இரண்டு இருக்கலாம். அத்தனையும் ஒரே பக்கம், ஒரே அளவு கோணலாக இருக்குமா? அத்தனைக்கும் பொதுவாக இருப்பது சுடுகிறவள் கண் ஒன்றுதான். அத்தனைக்கும் பொதுவாக இன்னொன்றும் அங்கே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா சண்டை போட்டாள். அம்மா குறுக்கே வந்து துப்பாக்கியை வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோளில் வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுட்டாள். அவள் சுட்டதும் அதே பள்ளத்தில் விழுந்தது. அம்மா வெற்றியோடு திரும்பிப் பார்த்தாள். நைனா தலையை ஆட்டிக்கொண்டு, “அப்போ உங்கிட்டருந்துதான் அவளுக்கு வந்திருக்குது” என்றார்.

இன்றைக்கும் இதை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. சிரித்து முடித்ததும் அக்காவின் முகம் நினைவுக்கு வருகிறது.

இன்னும் கேளுங்கள். எங்கள் வீட்டில் துப்பாக்கி செய்கிறார்கள் என்று யாரோ சொல்லி ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நைனா நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொல்லி, எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். பலூன் துப்பாக்கிதானா என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வந்ததற்கு ஒன்று சுட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்தார். மூன்று தடவை சுட்டார். மூன்றும் பள்ளத்தில். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மழை மப்பா இருக்குது என்றார். ஆமாங்க சார், வெளிச்சம் பத்தல என்றார் நைனா. அவர் அசடு வழியப் போன பிறகு, இவங்கல்லாம் திருடன எப்டி சுடுவாங்க என்று நைனா அம்மாவிடம் கேட்டார். மூன்று பேர் சுட்டு மூன்று பேரும் ஒரே பள்ளத்தில் போட்டிருக்கிறார்கள். நைனா கணக்கில் மூவரும் குருடு, நேர்க்கட்டைக்கு மட்டும்தான் கண்.

அக்காவை நைனா வேலூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்; கடைசி வரிவரைக்கும் படித்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். நைனா, அது படிக்கிற கண்ணு சார், நான் கேக்குறது குறி பாக்குற கண்ணு என்றாராம். திரும்பும் வழியில் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய், பவர் கம்மியாக ஒன்று போடச் சொல்லி, கறுப்பு பிரேமில் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மகளின் கண்ணைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தார். அதுதான் கொடுமை.

முகாம் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. அக்கா தாளை நீட்டிக்கொண்டு நின்ற நிலை எனக்கு மறக்கவில்லை. சாயங்கால வெயில் மழைக்கு நடுவே சற்று வந்திருந்தது. கையில் தாள், மூக்கில் அந்தப் புதுக் கண்ணாடி.

“ஊருக்கு நேரா துப்பாக்கி குடுக்குறவன் நான். கோணக் கண்ண அனுப்பி வெச்சா என் பேரு இன்னா ஆவறது?”

அக்கா நீட்டிய கையை இறக்கினாள். தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். மீதித் துப்பாக்கிகளையும் அவளே சுட்டுப் பார்த்தாள். எல்லாம் இடப்பக்கம் இரண்டு விரல். சரி, அவள் கண்ணின் கோணலைக் கழித்துக்கொண்டால் எல்லாம் நேர்தான் என்று ஆறையும் துணியில் சுற்றி பலூன் கடைக்காரரிடம் கொடுத்தார் நைனா.

கார்த்திகை தீபத் திருவிழா முடிந்து பத்து நாள் கழித்து பலூன் கடைக்காரர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு டப்பா லட்டும். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் அன்றைக்கு வாசலிலேயே சிரித்தார்.

“இத்தினி வருஷம் நேரா குடுத்து என் பொழப்பக் கெடுத்த. இந்த வாட்டிதான் மனசு வெச்சிருக்க. ஆறும் எடதுபக்கம் ரெண்டு வெரலு, அளந்து வெச்ச மாதிரி. மூணு நாளும் ஒருத்தன்கூட அடிக்கலயே” என்றார்.

நைனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். கொண்டுவா, சரிசெய்து தருகிறேன் என்றார். பலூன் கடைக்காரர் பதறிப்போய், அதுங்க மேல கை வெக்காத, உனக்குக் கோடி புண்ணியம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தன் வாழ்நாளில் நைனா வாங்கிய ஒரே பாராட்டு அது. அதை வாங்கிக்கொண்டு செத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அம்மா எழுந்து வந்தாள். நேர்க்கட்டையைக் கிடத்தி, அந்தப் புதுத் தோல் துண்டைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, நகத்தால் அழுத்தினாள். கசிந்தது. அதைப் பழைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு தோசைக்குப் பக்கத்தில் ஊத்தப்பத்தை வைத்த மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அக்கா கண்ணாடியோடு அறை வாசலில் நின்று பார்த்தாள். நைனா அவள் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். அக்கா படித்த அதே பள்ளியில்தான் நானும் படித்தேன்; என் வகுப்பு ஜன்னலுக்கு எதிரேதான் பள்ளி ஆபீஸ் வராந்தா. அங்கே நைனா நின்றிருந்தார். வேலைக்குப் போகிற காக்கிச் சட்டை இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. டிரில் டீச்சரிடம் குனிந்து குனிந்து ஏதோ சொன்னார். டீச்சர் கையை விரித்தார். பெயர்ப் பட்டியல் போன வெள்ளிக்கிழமையே போய்விட்டதாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நைனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தார். ஓடிப்போய் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கணக்கு டீச்சருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம், இன்றைக்கு வேலைக்குப் போகவில்லையா என்று அம்மா கேட்டதற்கு, ரம்பம் வாங்கப் பேர்ணாம்பட்டு போயிருந்தேன் என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது ரம்பம் வாங்கப் போவார்களா? அக்கா அன்றைக்கு என்னவோ நெடுநேரம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு நேர்க்கட்டை அடுப்புக்குப் போயிற்று. இரும்பாக இறுகிய பலகை லேசில் எரியவில்லை. முறுக்கு அச்சு அம்மாவிடம் திரும்பி வந்தது. அதில் பிழிந்தால் எண்ணெய்த் தோல் வாடை வந்ததால் அதையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள்.

அக்கா போலீஸாகவில்லை. பத்தாவது முடித்ததும் ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் செக்கிங் மேசைக்குப் போட்டார்கள். ஒரு ஜோடியில் இடது வலதைவிட நூலளவு தள்ளித் தைத்திருந்தாலும் கையில் எடுத்த உடனே தள்ளிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பெட்டி போகாது என்று சூப்பர்வைசர்களே சொல்வார்கள். அங்கே வேலை பார்த்த முப்பது வருஷமும் அவள் மூக்கில் கண்ணாடி இருந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் இருக்கும். கல்யாணமாகிப் போன பிறகும் நைனாவைப் பார்க்க வரும்போது அந்தக் கறுப்பு பிரேம் மூக்கில் இருக்கும். பிரேம் உடைந்தால் அதே மாதிரி வேறொன்று வாங்குவாள். அப்பன் சொல்லைத் தட்டாத பெண் என்று நான் நினைத்தேன்.

அவள் வந்தால் நைனா முதலில் கேட்பது, “கண்ணு எப்டிமா இருக்குது?”

“அப்டியேதான் இருக்குது நைனா.”

இது தவறாமல் நடக்கும். அதற்குமேல் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பாசம் என்றுதான் இதையும் நான் நினைத்தேன்.

நைனா இறந்தது நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. ஒரு மதிய நேரம், கட்டிலுக்கு ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். நைனா அக்காவின் முகத்தையே பார்த்தார். கையை மெல்லத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். நான் ஸ்பூனை எடுத்து இரண்டு வாய் தண்ணீர் ஊற்றினேன். விழுங்கிவிட்டுத் தலையை அசைத்தார். மறுபடி இரண்டு விரல். இன்னும் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். அக்கா எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது மூக்கில் கண்ணாடி இல்லை. அழுதிருப்பாள், கழற்றியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் வேலூரில் பொருட்காட்சி. அக்காவின் பேரனைக் கூட்டிக்கொண்டு இரண்டு கிழவிகளும் போயிருந்தோம். பையன் பலூன் கடையில் நின்றுவிட்டான். ஐந்து சுட்டும் ஒன்றும் உடையவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. அக்கா பின்னால் நின்று பார்த்தாள், துப்பாக்கியைத் தொடவில்லை. அவன் தோளில் கையை வைத்து, “உன் மேல தப்பில்ல கண்ணு. துப்பாக்கி எடதுக்கு இழுக்குது. நீ வலது பக்கம் தள்ளி வெச்சு அடி” என்றாள். அடித்தான். உடைந்தது.

உன் மேல தப்பில்ல. அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, ஆபீஸ் வராந்தாவில் வெள்ளைச் சட்டையோடு நைனா நின்றதை அவளிடம் சொன்னேன். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும். டீச்சர் சொல்லிட்டாங்க. அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும்னுதான் அவர் எதிர்ல கண்ணாடியப் போட்டுக்கினு நின்னேன். பாக்கும்போதெல்லாம் பாக்கட்டும்னு.”

“கடைசிவரைக்கும் சொல்லலயேக்கா” என்றேன்.

“சொன்னாரே. ரெண்டு வாட்டி சொன்னாரு” என்றாள் அக்கா. “நீதான் தண்ணி ஊத்திட்ட.”